சுழலும் பிளேடுகளின் அதிர்வைக் கண்டறிவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெட் என்ஜினில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரிலும் நீராவியால் ஓடும் மின்நிலைய டர்பைனிலும் சுழலும் பிளேடுகள் ஏன் அதிர்கின்றன, அந்த அதிர்வை எப்படி அளக்கிறார்கள் என்று மாணவர்களும் பராமரிப்புப் பணியில் உள்ளவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை அளித்திருக்கிறேன். கணக்குகளுக்கெல்லாம் ஒரே உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன்: நுனிக்கு நுனி 600 மில்லிமீட்டர் விட்டமும் 25 பிளேடுகளும் கொண்ட ஒரு கம்ப்ரசர் வரிசை, நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடுகிறது. அதாவது விநாடிக்கு 200 சுற்று. ஒரு சுற்றுக்கு 5 மில்லிவிநாடி.

பிளேடு ஏன் அதிர்கிறது?

கழற்றிய பிளேடு ஒன்றின் அடிப்பகுதியை வைஸில் இறுகப் பிடித்து, சிறு சுத்தியலால் நுனியில் தட்டிப் பாருங்கள். மணி போல ஒலிக்கும். அந்த ஒலியின் சுருதிதான் அதன் இயல்பு அதிர்வெண். ஒவ்வொரு பிளேடுக்கும் இப்படிப் பல இயல்பு அதிர்வெண்கள் உண்டு: முன்னும் பின்னும் வளைவது ஒன்று, முறுக்கிக்கொள்வது ஒன்று, நடுவில் அசையாக் கோடு விழும்படி இரண்டாக வளைவது இன்னொன்று.

என்ஜினுக்குள் சுத்தியலின் வேலையைக் காற்று செய்கிறது. பிளேடு வரிசைக்கு முன்னால் 3 தாங்குசட்டங்கள் இருந்தால் ஒவ்வொன்றின் பின்னும் காற்றோட்டம் மந்தமாகிறது. சுழலும் பிளேடு ஒரு சுற்றுக்கு மூன்று முறை அந்த மந்தமான காற்றைக் கடக்கும்போது மூன்று தட்டு வாங்குகிறது. விநாடிக்கு 200 சுற்று என்றால் 600 தட்டு. பிளேடின் இயல்பு அதிர்வெண்ணும் 600 ஹெர்ட்ஸாக அமைந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவது போல, ஒவ்வொரு தட்டும் முந்தைய தட்டோடு சேர்ந்து வீச்சைப் பெருக்குகிறது. இதுதான் ஒத்ததிர்வு. ஒரு சுற்றுக்கு எத்தனை தட்டு என்ற எண்ணை என்ஜின் ஆர்டர் என்பார்கள். மேலே சொன்னது மூன்றாம் ஆர்டர்.

கண்ணுக்குத் தெரியாத அந்த அசைவுக்கு இத்தனை அச்சம் எதற்கு?

எண்ணிக்கைதான் காரணம். 1000 ஹெர்ட்ஸில் அதிரும் பிளேடு 2 மணி 47 நிமிடத்தில் ஒரு கோடி முறை வளைந்து நிமிர்ந்துவிடும். ஒரு முறை வளைத்தால் உலோகத்துக்கு எதுவும் ஆகாத அளவு தகைவு, அதாவது உள்ளே எழும் விசையின் செறிவுகூட, கோடி முறை திரும்பத் திரும்ப வந்தால் விரிசலைத் தொடங்கி வைக்கப் போதுமானது. மற்ற பாகங்களில் மெல்ல வளரும் உலோகக் களைப்பு பிளேடில் ஒரே பிற்பகலில் முடிந்துவிடலாம் என்பதால், அடுத்த பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட இயலாது. ஒத்ததிர்வு எந்த வேகத்தில் வருகிறது, எவ்வளவு பெரிதாக வருகிறது என்பதை என்ஜின் சேவைக்கு வரும் முன்பே அளந்து தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஒரு பிளேடு உடைந்தால் அது அந்தப் பிளேடோடு நிற்பதில்லை. உத்தரப் பிரதேசத்தின் நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31-ஆம் தேதி அதிகாலையில், முதல் அலகின் தாழ்அழுத்த நீராவி டர்பைனில் கடைசி வரிசைப் பிளேடுகள் இரண்டு உலோகக் களைப்பால் முறிந்தன. சமநிலை இழந்த ரோட்டாரின் (பிளேடுகளோடு சுழலும் முழுப் பகுதி) கடும் அதிர்வில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றியது. தீ மின்வடங்களை எரித்தது. நிலையம் ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரமின்றி நின்றது. பணியாளர்கள் அணு உலையை உடனே நிறுத்தியதால் கதிர்வீச்சுக் கசிவு நேரவில்லை. நீராவி டர்பைன் ஜெட் என்ஜின் அல்லதான். ஆனால் பிளேடு முறியும் விதமும் அதைக் கண்டறியும் முறையும் இரண்டுக்கும் பொதுவானவை.

2018-இல் சவுத்வெஸ்ட் விமானத்தில் பெண் பயணி ஒருவர் இறந்த விபத்தும் இதே காரணத்தாலா?

இந்த விபத்தையும் அதிர்வால் வரும் முறிவையும் ஒன்றாக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. பிரித்துப் பார்ப்பது நல்லது. 2018 ஏப்ரல் 17 அன்று சவுத்வெஸ்ட் 1380 விமானத்தின் சிஎஃப்எம்56-7பி என்ஜினில் விசிறிப் பிளேடு ஒன்று, பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் வட்டான டிஸ்கில் செருகப்படும் அடிப்பகுதியில் வளர்ந்திருந்த களைப்பு விரிசலால் முறிந்தது. அந்தப் பிளேடு 32,000-க்கும் மேற்பட்ட பறப்புச் சுழற்சிகளைக் கண்டிருந்தது. என்ஜின் ஒவ்வொரு முறை வேகமெடுத்து நிற்கும்போதும் மையவிலக்கு விசை பிளேடை இழுத்து விடுகிறது. அந்த இழுப்புகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து உண்டாக்கும் களைப்பு வேறு, விநாடிக்கு நூற்றுக்கணக்கான அதிர்வுகளால் உண்டாகும் களைப்பு வேறு. முதல் வகைக்கு அல்ட்ராசோனிக் போன்ற பரிசோதனைகள் பொருந்தும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விபத்துக்கு மூன்றே நாளில் அதைத்தான் கட்டாயமாக்கியது. இந்தப் பக்கம் பேசுவது இரண்டாவது வகையைப் பற்றி.

கேசிங்கின் (இயந்திரத்தின் வெளிக்கூடு) வெளியே பொருத்தியிருக்கும் வழக்கமான அதிர்வு மானியே போதாதா?

போதாது. அந்த மானி ரோட்டாரின் சமநிலைக் குறையையும் பேரிங் கோளாறையும் நன்றாகக் காட்டும். பிளேடின் அதிர்வைப் பெரும்பாலும் காட்டாது. பிளேடுகள் வட்டமாக நின்று அலை போல அதிரும்போது ஒரு பக்கம் உள்ள பிளேடு முன்னால் தள்ளினால் இன்னொரு பக்கம் உள்ளது பின்னால் தள்ளுகிறது. இந்த விசைகள் டிஸ்குக்குள்ளேயே ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால், ஒரு சில வடிவங்களைத் தவிர, தண்டுக்கும் பேரிங்குக்கும் எதுவும் வந்து சேருவதில்லை. வெளியே ஊசி அசையாமல் நிற்கும் அதே நேரத்தில் உள்ளே ஒரு வரிசை முழுவதும் ஆபத்தான வீச்சில் அதிர்ந்துகொண்டிருக்கலாம். பராமரிப்பில் இருப்பவர்கள் மனத்தில் முதலில் பதிய வேண்டிய செய்தி இதுதான் என்பது என் கருத்து.

ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டி நேரடியாக அளக்கலாமே?

அளக்கிறார்கள், பல பத்தாண்டுகளாக அதுவே தலையாய முறை. பிளேடின் மேல் தகைவு அதிகம் விழும் இடத்தில் ஒட்டிய மெல்லிய கேஜ், பிளேடு வளையும் அளவை இடைவிடாமல் சொல்லும். அதிர்வெண்ணில் ஐயமே எழாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கேஜிலிருந்து வரும் கம்பியைச் சுழலும் டிஸ்கின் வழியே இழுத்து வந்து, சுழலும் தண்டில் உரசி நிற்கும் ஸ்லிப் ரிங் மூலமோ கம்பியில்லாமல் அனுப்பும் ரேடியோ டெலிமெட்ரி மூலமோ வெளியே கொண்டுவர வேண்டும். என்ஜினை முழுதாகப் பிரித்துக் கோக்கும் வேலை அது. வெப்பத்திலும் மையவிலக்கு விசையிலும் கேஜ்கள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். எல்லாவற்றையும்விட, 25 பிளேடுகளில் மூன்று நான்கில் மட்டுமே ஒட்ட முடியும். அந்த மூன்று நான்கும் மற்றவற்றுக்குச் சான்றாகுமா என்பது பெரிய கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

பிளேடு நுனி நேர அளவீடு என்பது என்ன?

கேசிங்கில் துளையிட்டு, பிளேடு நுனிகளை நோக்கிச் சில சென்சார்களைப் பொருத்துவார்கள். ஒவ்வொரு நுனியும் சென்சாரைக் கடக்கும் நொடியில் ஒரு துடிப்பு எழும். தண்டில் ஒரு குறி இட்டு, அது சுற்றுக்கு ஒரு முறை தரும் துடிப்பையும் பதிவார்கள். பிளேடு அதிராமல் இருந்தால் அது எப்போது வந்து சேர வேண்டும் என்பதைத் தண்டின் குறியை வைத்துக் கணக்கிடலாம். அதிர்ந்துகொண்டிருந்தால் சற்று முந்தியோ பிந்தியோ வரும். அந்த நேர வேறுபாட்டை நுனியின் வேகத்தால் பெருக்கினால் நுனி எவ்வளவு விலகியிருந்தது என்று கிடைக்கும்.

நம் உதாரணத்தில் நுனியின் வேகம் விநாடிக்கு 377 மீட்டர். நுனி 0.1 மில்லிமீட்டர் விலகினால் நேரம் ஏறத்தாழ 265 நானோவிநாடி மாறும். விநாடிக்கு பத்துக் கோடி முறை துடிக்கும் கடிகாரம் 10 நானோவிநாடியைப் பிரித்துச் சொல்லும். அது நுனியில் ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்கு போன்ற அசைவை, தொடாமல், சுழலும்போதே, எல்லாப் பிளேடுகளிலும் காண முடிகிறது என்பதுதான் இந்த முறையின் பெருமை. சோவியத் பொறியாளர்கள் சப்ளோட்ஸ்கியும் கொரோஸ்தெலெவும் டர்பைன் பிளேடுகளுக்கு இவ்வகை அளவீட்டை 1970-இல் எழுதி வெளியிட்டார்கள். இன்றும் அவர்கள் பெயரால் அழைக்கப்படும் கணிப்பு முறை உண்டு.

ஒன்றை மறக்கக் கூடாது. சென்சார் தருவது நேரம் மட்டுமே. அதிர்வு என்பது அந்த நேரத்திலிருந்து நாம் எட்டும் முடிவு. அடுத்து வரும் கேள்விகள் எல்லாம் அந்த முடிவு எங்கே தவறக்கூடும் என்பதைப் பற்றியவைதாம்.

ஒரு சுற்றுக்கு ஒரு முறை மட்டும் பார்த்து, அதைவிட வேகமான அதிர்வை எப்படி அறிய முடியும்?

ஒரு சென்சார் ஒரு பிளேடை விநாடிக்கு 200 முறைதான் பார்க்கிறது. பிளேடு 620 ஹெர்ட்ஸில் அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடையில் அது 3 முழு அதிர்வும் கூடுதலாகப் பத்தில் ஒரு பங்கும் முடித்திருக்கும். முழு அதிர்வுகள் சென்சாருக்குத் தெரியா. எஞ்சிய பத்தில் ஒன்றுதான் தெரியும். ஆகவே திரையில் 20 ஹெர்ட்ஸ் அலை ஒன்று தோன்றும். 420 ஹெர்ட்ஸும் 820 ஹெர்ட்ஸும் அதே 20 ஹெர்ட்ஸாகத்தான் தோன்றும். 380-உம் 580-உம் திசை மாறிய அதே 20 ஹெர்ட்ஸாகத் தோன்றும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரிவதும் இதனால்தான்.

சரியாக 600 ஹெர்ட்ஸில், அதாவது மூன்றாம் ஆர்டரில் அதிர்ந்தால் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு சென்சாருக்கு முன் வரும்போது அதிர்வின் அதே கட்டத்தில், அதாவது வளைவின் அதே நிலையில், இருக்கும். ஆகவே அசைவே தெரியாது. பிளேடு சற்று வளைந்து அப்படியே நிற்பதாகத்தான் தோன்றும். மிக ஆபத்தான ஒத்ததிர்வு இப்படி அசையாத கோடாகத் திரையில் நிற்பதை முதன்முறை பார்ப்பவர்கள் நம்ப மறுப்பார்கள்.

இதற்கு வழி, சுற்றளவில் பல இடங்களில் சென்சார் வைப்பது. ஓரிடத்தில் முன்வளைந்து தெரியும் பிளேடு இன்னோரிடத்தில் பின்வளைந்து தெரியும். எல்லா இடத்து அளவுகளையும் ஒன்றாக வைத்து, எந்த ஆர்டர் கொண்ட அலை அவற்றுக்குச் சரியாகப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். கூடவே வேகத்தை மெல்ல ஏற்றிக்கொண்டு போனால், ஒத்ததிர்வைக் கடக்கும்போது வீச்சு எழுந்து தாழும். கட்டம் 180 பாகை திரும்பும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அது ஒத்ததிர்வு என்று நான் ஏற்றுக்கொள்வேன்.

எத்தனை சென்சார், எங்கே வைப்பது?

ஓர் அலையை வரையறுக்க வீச்சு, கட்டம், நிலையான விலகல் என்று மூன்று அறியாத எண்கள் உண்டு. எனவே குறைந்தது மூன்று வேண்டும். சரிபார்க்க நான்காவது வேண்டும். ஒன்று பழுதானால் என்ன செய்வது என்று யோசித்தால் ஐந்தோ ஆறோ ஆகும்.

எண்ணிக்கையைவிட இடம் முக்கியம். நான்கு சென்சார்களை 90 பாகை இடைவெளியில் சமமாக வைப்பதுதான் பார்வைக்கு அழகு. அதுதான் மோசமான தேர்வும்கூட. நான்காம் ஆர்டர் அதிர்வுக்கு நான்கு சென்சாரும் ஒரே அளவையே காட்டும். அதிர்வு இருப்பதே தெரியாது. முதல், மூன்றாம், ஐந்தாம், ஏழாம் ஆர்டர்கள் நான்கும் ஒரே புள்ளிகளின் வழியே சென்று பொருந்திவிடும். எது உண்மை என்று அந்தத் தரவு ஒருபோதும் சொல்லாது. ஆகவே எந்தெந்த ஆர்டர்கள் வரக்கூடும் என்று முன்கூட்டியே பட்டியலிட்டு, அவற்றைப் பிரித்துக் காட்டும்படி சமமற்ற இடைவெளிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நடைமுறையில் குழாய்களும் போல்ட்டுகளும் குறுக்கே வந்து நிற்கும். கிடைத்த இடத்தில்தான் வைக்க முடியும். அப்போது எந்த இரு ஆர்டர்கள் குழம்பும் என்பதை ஓட்டத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்வது நேர்மையான பழக்கம்.

எந்த வகை சென்சார் நல்லது?

ஒளியிழை வழியே லேசரைப் பாய்ச்சித் திரும்பும் ஒளியைப் பிடிக்கும் சென்சார் மிகக் கூர்மையான துடிப்பைத் தரும்; ஆனால் எண்ணெய்ப் படலம் பட்டால் குருடாகிவிடும். சோதனைக் கூடத்துக்கு அது ஏற்றது. மின்தேக்கு வகை அழுக்கைப் பொருட்படுத்தாது. நுனிக்கும் கேசிங்குக்கும் உள்ள இடைவெளியையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் நுனிக்கு மிக அருகில் இருக்க வேண்டும். சுழல் மின்னோட்ட வகை நீண்ட காலம் உழைக்கும். காந்தத் தன்மையற்ற டைட்டானியம் பிளேடையும் உணரும். வெப்பம் மிகுந்த டர்பைன் பகுதிக்கு மைக்ரோவேவ் வகையும் உண்டு.

கேம்பெல் வரைபடம் என்று எல்லோரும் சொல்வது எது?

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் நீராவி டர்பைன் டிஸ்குகளின் முறிவை ஆராய்ந்த வில்ஃப்ரெட் கேம்பெல் 1924-இல் வெளியிட்ட ஆய்வின் வழியே வந்த படம் அது. கிடையச்சில் சுழற்சி வேகம், நெடுக்கச்சில் அதிர்வெண். என்ஜின் ஆர்டர்கள் ஒவ்வொன்றும் மூலையிலிருந்து விசிறி போல விரியும் நேர்கோடுகள். பிளேடின் இயல்பு அதிர்வெண்கள் ஏறத்தாழக் கிடையாகச் செல்லும் கோடுகள். மையவிலக்கு விசை பிளேடை விறைப்பாக்குவதால் அவை வேகத்தோடு சற்று மேலேறும். இரு வகைக் கோடுகளும் வெட்டும் இடங்களே ஒத்ததிர்வு வேகங்கள். என்ஜின் நெடுநேரம் ஓடும் வேகத்தில் வலுவான வெட்டு எதுவும் விழாதபடி பிளேடை வடிவமைப்பதும், அளந்து அதை உறுதிசெய்வதும்தான் பொறியாளரின் வேலை.

வேகத்தை எவ்வளவு மெதுவாக ஏற்ற வேண்டும்?

பலரும் அவசரப்பட்டுத் தவறவிடுவது இங்கேதான். 600 ஹெர்ட்ஸ் பிளேடின் தணிப்பு (அதிர்வை அடக்கும் தன்மை) குறைவாக இருந்து, ஒத்ததிர்வு அதன் வீச்சை 500 மடங்காக்குகிறது என்று கொண்டால், உச்சியின் அகலம் 1.2 ஹெர்ட்ஸ். மூன்றாம் ஆர்டரில் அது நிமிடத்துக்கு 24 சுற்றுக்குச் சமம். விநாடிதோறும் நிமிடத்துக்கு 50 சுற்று கூடும்படி வேகத்தை ஏற்றினால் உச்சியை அரை விநாடிக்குள் கடந்துவிடுவோம். ஒரு சென்சாருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 100 பார்வைகள். அதைவிட வேகமாக ஏற்றினால் பிளேடு முழு வீச்சை எட்டும் முன்பே ஒத்ததிர்வு கடந்துபோய், அளவு உண்மையைவிடக் குறைவாகப் பதியும். குறைவாகப் பதிந்த வீச்சு மனத்துக்கு இதமாக இருக்கும் என்பதால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஃபிளட்டர் வந்தால் எப்படி அடையாளம் காண்பது?

ஃபிளட்டர் வெளியிலிருந்து வரும் தட்டு அன்று. பிளேடின் அசைவே காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சி மேலும் பெருகுவது. ஆகவே அது என்ஜின் ஆர்டருக்குக் கட்டுப்படாது. நேர அளவீட்டில் அது அசையாத கோடாக நிற்காமல், பொய் அதிர்வெண்ணில் ஆனாலும் அலையாகவே தெரியும். வரிசையின் பிளேடுகள் ஒரே அதிர்வெண்ணில், பக்கத்துப் பிளேடோடு மாறாத கட்ட இடைவெளியுடன் அதிரத் தொடங்கினால் அது ஃபிளட்டர் என்று ஐயுற வேண்டும். வீச்சு சில விநாடிகளில் வளரக்கூடும் என்பதால் சோதனைக் கூடத்தில் ஒருவர் வேறு வேலை இன்றி நேரலைத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு, ஓட்டத்தை நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தோடு உட்கார்ந்திருப்பார். சுழலும் ஸ்டால் வேறு. காற்றோட்டம் அடைபட்ட பகுதி ரோட்டாரைவிட மெதுவாகச் சுற்றி வந்து பிளேடுகளைத் தட்டுவது அது. கேசிங்கில் அழுத்த சென்சாரும் இருந்தால் இரண்டையும் பிரித்தறிவது எளிது.

எல்லாப் பிளேடுகளும் ஒரே அளவில்தான் அதிருமா?

இல்லை. வார்ப்பிலும் கடைசலிலும் வரும் நுண்ணிய வேறுபாடுகளால் பிளேடுகளின் அதிர்வெண்கள் சற்றே மாறுபடும். அந்தச் சிறு மாறுபாடு போதும். டிஸ்க் வழியே பரவும் அதிர்வின் ஆற்றல் ஓரிரு பிளேடுகளில் குவிந்துவிடும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வைட்ஹெட் 1966-இல் இதற்கு ஓர் உச்ச வரம்பைத் தந்தார்: பிளேடுகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தோடு ஒன்றைக் கூட்டிப் பாதியாக்குங்கள். 25 பிளேடுகளுக்கு அது 3. எல்லாம் ஒன்றுபோல இருந்தால் வரும் வீச்சைப் போல மூன்று மடங்கு வரை ஒரு பிளேடில் ஏறலாம் என்று பொருள். ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டிய பிளேடுகள் மூன்றும் அமைதியாக இருக்க, ஒட்டாத ஒன்று மூன்று மடங்கில் அதிர்ந்துகொண்டிருக்கலாம். எல்லாப் பிளேடுகளையும் பார்க்கும் நுனி நேர முறைக்கு இதைவிடப் பெரிய நியாயம் தேவையில்லை.

இந்த முறை ஏமாற்றும் இடங்கள் எவை?

ரோட்டார் முன்பின்னாக நகர்வது முதலாவது. பிளேடு நுனி அச்சிலிருந்து 60 பாகை சாய்ந்திருந்தால், ரோட்டார் 0.2 மில்லிமீட்டர் முன்னகர்ந்தாலே நுனி 0.35 மில்லிமீட்டர் விலகியதாகச் சென்சாருக்குத் தோன்றும். இது எல்லாப் பிளேடுக்கும் பொதுவானதால் சராசரியைக் கழித்துவிடலாம் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் ஒத்ததிர்வில் எல்லாப் பிளேடுகளும் ஒரே சென்சாரை ஏறத்தாழ ஒரே கட்டத்தில்தான் கடக்கின்றன. சராசரியைக் கழித்தால் உண்மையான அதிர்வும் அதோடு கழிந்து போகும். அச்சு நகர்வைத் தனிச் சென்சார் கொண்டு அளப்பதே சரி.

நுனி இடைவெளி மாறினால் துடிப்பின் உயரம் மாறி, துடிப்பு எழுந்ததாகக் கொள்ளும் கணமும் நகரும். தண்டு முறுக்கிக்கொண்டால் குறியின் துடிப்பே தவறான நேரத்தில் வரும். இவை இரண்டும் பழகியவர்களுக்குத் தெரிந்தவைதாம்.

நுனியின் அசைவைத் தகைவாக மாற்றுவதில்தான் பெரும் பொறுப்பு இருக்கிறது. உடைப்பது தகைவு, நாம் அளப்பது அசைவு. ஒரு அதிர்வு வடிவத்தில் நுனி ஒரு மில்லிமீட்டர் அசைவது பாதுகாப்பாக இருக்கலாம். உயர் வடிவம் ஒன்றில் அதில் பத்தில் ஒரு பங்கே விரிசலைத் தரலாம், ஏனெனில் அங்கே வளைவு நடுவில் இருக்கும், நுனி அதிகம் அசையாது. இந்த மாற்றத்துக்குக் கணினி மாதிரியை நம்புகிறோம். எனவே ஒரு சில பிளேடுகளிலாவது ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டி மாதிரியைச் சரிபார்த்த பிறகே மற்றப் பிளேடுகளுக்கு எண் சொல்ல வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் விரிசலை முன்கூட்டியே காட்டுமா?

ஓரளவுக்குக் காட்டும். விரிசல் விட்ட பிளேடு தளர்வதால் அதன் ஒத்ததிர்வு வேகம் இறங்கும். மையவிலக்கு விசையில் அது நிற்கும் சராசரி இடமும் நகரும். ஒரே நாளின் அளவை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு பிளேடுக்கும் மாதக்கணக்கான பதிவு இருந்து, அந்த ஒன்று மட்டும் தன் பழைய இடத்தை விட்டு விலகினால்தான் பேச முடியும். மின்நிலைய டர்பைன்களின் நீண்ட கடைசி வரிசைப் பிளேடுகளில் இத்தகைய தொடர் கண்காணிப்பு நடைமுறையில் இருக்கிறது.

பயணிகள் விமான என்ஜினில் இது பொருத்தப்பட்டிருக்கிறதா?

பொதுவாக இல்லை. எடை, நம்பகம், கேசிங்கில் கூடுதல் துளைகள் ஆகியவை தடைகள். வடிவமைப்புச் சோதனைகளில் எல்லாப் பிளேடுகளையும் அளந்து, ஆபத்தான வேகங்களை விலக்கிய பின்பே என்ஜின் சேவைக்கு வருகிறது. அதன் பிறகு பறவை மோதியோ கல் பட்டோ பிளேடின் விளிம்பில் சிறு வெட்டு விழுந்தால், அந்த இடத்தில் தகைவு குவிந்து, சோதனையில் பாதுகாப்பானதாகத் தெரிந்த அதிர்வே விரிசலைத் தொடங்கி வைக்கலாம். விளிம்பு வெட்டுகளை, என்ஜினுக்குள் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய கருவியான போரோஸ்கோப்பில் பார்த்து, கையேட்டில் அனுமதித்த ஆழத்துக்கு மேல் இருந்தால் தேய்த்துச் சீராக்குவதையோ பிளேடை மாற்றுவதையோ ஒத்திப்போடாமல் செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.